பன்னிரண்டு யானைகள், ஒரு தும்பிக்கை

மே 12, திங்கள்

அக்னி நட்சத்திர வெயில். காலை ஒன்பதுக்கே சைக்கிள் சீட் சுடுகிறது. துப்பட்டாவை மடித்துப் போட்டு உட்கார்ந்து நூலகம் போனேன்.

கோடை முகாமின் இரண்டாம் வாரம். இன்று வந்தவர்கள் இருபத்தாறு பேர். போன வாரம் பதினான்கு. மேடம் (நூலகர், ஊரில் எல்லோருக்கும் மேடம்தான்) தலைகளை இரண்டு தரம் எண்ணினார்.

"எல்லாம் நீ சொல்ற யானைக் கதைக்குத்தான் வருதுங்க."

நானும் அப்படித்தான் நினைக்கிறேன். சொல்லிக்கொள்ளவில்லை.

மேடம் பிறகு சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன், நாளை யாரும் மாற்றிச் சொல்லக்கூடாது. இருபத்தைந்தாம் தேதி ஞாயிறு நிறைவு விழா. மாவட்ட அலுவலகத்திலிருந்து ஒரு சார் வருகிறார். அவர் பார்த்துத் திருப்தியாகப் போனால், பள்ளி திறந்த பிறகும் சனிக்கிழமைதோறும் பத்து முதல் பன்னிரண்டு வரை சிறுவர் பகுதி நடக்கும். நடத்துவது நான். சிறுவர் அலமாரிச் சாவியும் என்னிடம். திருப்தி இல்லையென்றால் அந்த மூலை பழையபடி நாளிதழ்க் கட்டுகளுக்குப் போய்விடும்.

அந்தச் சாவியின் வளையத்தில் சிவப்பு நூல் கட்டியிருக்கும். ஆறாம் வகுப்பிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். இப்போது பத்தாவது போகப்போகிறேன்.

அம்மாவிடம் சொன்னேன். "பத்தாவதுல எதுக்குடி அதெல்லாம்?" வாரத்தில் இரண்டு மணி நேரம்தானே என்றேன். "மொதல்ல அவங்க சாவிய குடுக்கட்டும், அப்பறம் பாக்கலாம்," என்றது அம்மா. அதாவது சரி.

மே 13, செவ்வாய்

கதை இதுவரை (நானே மறந்துவிடாமலிருக்க):
யானைக்குக் கடல் பார்க்க ஆசை. விருத்தாசலம் ஜங்ஷனில் கடலூர் பாசஞ்சர் ஏறுகிறது. உடம்பு பெட்டிக்குள் அடைத்துக்கொள்ள, தும்பிக்கை மட்டும் ஜன்னலுக்கு வெளியே. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் யாராவது அந்தத் தும்பிக்கையில் எதையாவது கொடுக்கிறார்கள். நெய்வேலியில் வாழைப்பழம். வடலூரில் டீ. இன்று குறிஞ்சிப்பாடியில் ஸ்டேஷன் மாஸ்டர் பச்சைக் கொடியைக் கொடுத்துவிட்டார். இனி வண்டி கிளம்புவதும் நிற்பதும் யானை கையில். அங்கே நிறுத்தினேன்.

கூச்சல். "இன்னுங் கொஞ்சம் க்கா! இன்னுங் கொஞ்சம்!"

பெரியவர்கள் படிக்கும் பக்கத்திலிருந்து ஃபேன் மாமா எழுந்து வந்தார். ரயில்வேயில் ரிட்டயர் ஆனவர். ஹாலில் சரியாக ஓடுவது ஒரே ஃபேன், அதன் கீழ் நாற்காலி அவருடையது. காலை எட்டரைக்கு வந்து மூன்று நாளிதழ்களையும் டெண்டர் விளம்பரம் வரை படிப்பார். (இனி ஃபே.மா.)

"ஏம்மா, செவுத்துல என்னா எழுதியிருக்குது?"

"அமைதி காக்கவும்."

"அது எங்களுக்கு மட்டும்தானா? யானைக்குக் கெடையாதா?"

மேடம் வந்து சமாதானம் செய்தார். ஃபே.மா. போகும்போது திரும்பி, "பாசஞ்சர்ல யானைய ஏத்துனதே தப்பு. கூட்ஸ் வேகன்ல போட்டிருக்கணும். இப்ப கடலூர்ல எப்படி எறக்குவ?" என்றார்.

அதை நான் யோசிக்கவே இல்லை.

மே 14, புதன்

மண் நாள்! இன்று எழுத நிறைய இருக்கிறது, கை வலிக்கிறது, சுருக்கமாக.

அம்மா செராமிக் கம்பெனியில் ஃபினிஷிங். அச்சிலிருந்து எடுத்த பொம்மைகளின் ஓரத்தைச் சீவி, ஸ்பாஞ்சால் துடைத்து வழவழப்பாக்குவது. ஓனரிடம் கேட்டு ஒரு பெரிய கட்டி வெள்ளை மண் வாங்கி வந்தது. குழந்தைகள் செய்ததை அடுத்த சூளையில் மூலையில் வைத்துச் சுட்டும் தருவார்கள். நான்தான் கேட்கச் சொன்னேன். என் யோசனைதான்.

அம்மா அரை மணி நேரம் மட்டும் இருந்தது, வேலைக்குப் போக வேண்டும். சொன்னது இரண்டே.

"உள்ள கெட்டியா வுடாதீங்க. அடியில வெரல வுட்டு ஒரு குழி பண்ணுங்க, இல்லன்னா சூளையில வெடிச்சிடும்."

"பட்டாசு மாரியா ஆன்ட்டி?" இது கவின். நாலாம் வகுப்பு. எல்லாவற்றுக்கும் முதல் கேள்வி அவன்தான்.

"ஒன் பொம்ம வெடிச்சா பக்கத்துல இருக்கிற பொம்மையும் போச்சு. எல்லாரும் ஒன்னத்தான் அடிப்பாங்க."

கவின் கட்டைவிரல் முழுவதையும் உள்ளே விட்டான்.

அம்மா சொன்ன இரண்டாவது, வாசலில் செருப்பு போட்டுக்கொண்டே, என்னிடம் மட்டும்: "பேரு எழுதறதுன்னா ஊசியால கீறு."

ஊசியால் கீறினால் அசிங்கமாக இருக்கும். மேடம் மேசையில் கறுப்பு மார்க்கர் இருந்தது. பீரோவில் எண் போடுவது. பேனாவிலேயே போட்டிருக்கிறது, பர்மனென்ட் என்று. நூலகப் புத்தகத்துக்குப் போடுவதுபோல ஒவ்வொன்றின் அடியிலும் அழகாக எண் போட்டேன். 1 முதல் 26. நோட்டில் பட்டியல்: எண், பெயர், வகுப்பு. மேடம் பார்த்துவிட்டு, "கையெழுத்து அச்சு மாரி இருக்குது," என்றார்.

கதையில் வந்ததைத்தான் செய்ய வேண்டும் என்று சொல்லியிருந்தேன். கிட்டத்தட்டப் பாதிப் பேர் யானை. மாதிரிக்கு நானும் ஒன்று செய்தேன். அதற்கு எண் வேண்டாம், என்னுடையது எனக்குத் தெரியாதா.

மிகச் சின்னவள் ரிஃபா. இரண்டாம் வகுப்பு போகிறாள். அவள் அப்பா குவைத்தில், அத்தா என்றுதான் சொல்வாள். கடைசிவரை மேசைக்கு அடியில் உட்கார்ந்து செய்தாள், யாரும் பார்க்கக்கூடாதாம். எண் போடக் கேட்டபோது உள்ளங்கையால் மூடிக்கொண்டு அடிப்பக்கத்தை மட்டும் நீட்டினாள். 26.

"அத்தாகிட்ட வீடியோவுல காட்டுவேன் க்கா. வெள்ளையா வந்தப்பறம்."

நகத்தில் இன்னும் மண். ஊதினால் பவுடர்.

மே 16, வெள்ளி

நூலகம் லீவு. வீட்டில் கரன்ட் இல்லை, பதினொன்றிலிருந்து இரண்டு வரை.

இந்த விடுமுறையில் படித்து முடித்தவை இதுவரை ஒன்பது. பாதியில் விட்டது ஒன்று (எல்லோரும் அழுதுகொண்டே இருக்கிறார்கள்).

பொம்மைகள் நூலகப் பின்னறையில் நிழலில் காய்கின்றன. வெயிலில் வைத்தால் விரியும் என்று அம்மா.

யானையை எப்படி இறக்குவது என்று எட்டு முடிவுகள் எழுதினேன். எட்டும் அடித்தாகிவிட்டது. பெட்டியின் சுவரை அறுப்பது ரயில்வேக்கு நஷ்டம். யானையை இளைக்க வைப்பது பாவம்.

மே 19, திங்கள்

அட்டைப் பெட்டி, வைக்கோல், பழைய பேப்பர். அம்மாவும் நானும் ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு கம்பெனி வரை. ஆட்டோக்காரர் பள்ளம் வரும்போதெல்லாம், "பாப்பா, புடிச்சிக்க," என்று முன்கூட்டியே சொன்னார். ஒன்றும் உடையவில்லை. வாசலில் எண்ணிக் கொடுத்தேன். இருபத்தேழு. அம்மாவே எல்லாவற்றையும் தட்டில் அடுக்கும்.

மார்க்கர் எண் எல்லாம் பளிச்சென்று இருந்தது.

மே 20, செவ்வாய்

சூடு இன்னும் கூடுகிறது. குழந்தைகளுக்கு மேடம் மோர் கொண்டுவந்தார். கவின் நான்கு டம்ளர்.

ஃபே.மா. இன்று நாற்காலியைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பிப் போட்டிருந்தார். பேப்பர் முகத்துக்கு நேரேதான் இருந்தது. ஆனால் கதை நடந்த இருபது நிமிடமும் ஒரு பக்கம்கூடப் புரட்டவில்லை. நான் கவனித்தேன்.

கதை முடிந்து குழந்தைகள் போன பிறகு தொண்டையைச் செருமினார். "கொடி யானைகிட்ட இருக்குதுன்னா, கார்டு என்னா பண்றாரு?"

"தூங்குறாரு மாமா."

"கார்டு தூங்க மாட்டாரும்மா." உண்மையிலேயே கோபம். நாளை கார்டை எழுப்பிவிட வேண்டும்.

மே 22, வியாழன்

எழுதப் பிடிக்கவில்லை. எழுதுகிறேன்.

காலையில் அம்மா பெட்டியோடு நூலகத்துக்கே வந்தது. திறந்தால் எல்லாம் வெள்ளை வெளேரென்று. கொஞ்சம் சின்னதாகிவிட்டன, சுட்டால் சுருங்குமாம். அவ்வளவு அழகு. ஒன்றை எடுத்துத் திருப்பினேன்.

எண் இல்லை.

இன்னொன்று. இல்லை. எல்லாவற்றையும் திருப்பினேன். எதிலும் ஒரு புள்ளிகூட இல்லை. கழுவி வைத்த மாதிரி.

அம்மா என் முகத்தைப் பார்த்தது. "எதால எழுதின?"

"மார்க்கர்."

"ஊசியால கீறுன்னு சொன்னனா இல்லியா?"

"பர்மனென்ட்னு போட்டிருந்துச்சும்மா."

அம்மா சிரித்த சிரிப்பில் ஹாலே திரும்பியது. "சூளைக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாதுடி! அந்தச் சூட்டுல இங்க்கு நிக்குமா? நம்ம வூட்டுப் புள்ளையா நீ?" இன்னும் சிரித்துக்கொண்டே ஷிஃப்டுக்குப் போய்விட்டது.

பீங்கான் பொம்மைக்கும் சூளைக்கும் பேர்போன ஊர், அம்மா பிறந்ததிலிருந்து இங்கேதான். நானும்தான். சூளைக்குப் போவதன்மேல் மையால் எழுதியவள் இந்த ஊரிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

நோட்டைத் திறந்தேன். எண், பெயர், வகுப்பு. என்ன செய்தார்கள் என்று எழுதவே இல்லை. புத்தகத்தின் பெயர் எழுதாமல் வரிசை எண் மட்டும் போட்ட பதிவேடு. ஏழாம் எண் யாருடையது என்று தெரியும். ஏழாம் எண் எது என்று தெரியாது.

மேடம் கடலூர் மீட்டிங். நல்ல வேளை. குழந்தைகளைப் பொம்மைகள் வரவில்லை என்று சொல்லிக் கதையோடு அனுப்பினேன்.

பிறகு பின்னறையில் உட்கார்ந்து பிரித்தேன். யானை பன்னிரண்டு, என்னுடையது உட்பட. ரயில் பெட்டி ஆறு. வாழைப்பழம் நான்கு. டீ கிளாஸ் இரண்டு. ஸ்டேஷன் மாஸ்டர் ஒருவர். கடல் ஒன்று (தட்டு மாதிரி இருக்கும், அலை உண்டு). மொத்தம் இருபத்தாறு. பெட்டியின் அடியில் வைக்கோலுக்குள் ஒரு துண்டு: வளைந்த தும்பிக்கை. ஆக, யாருடைய யானையோ வெடித்து, அது மட்டும் மிச்சம்.

மாஸ்டரும் கடலும் யாருடையவை என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். மற்றவற்றில் பாதி ஞாபகம். மீதி ஊகம். ஆனால் என் ஊகம் பெரும்பாலும் சரியாக இருக்கும். குழந்தைகள் மறந்திருப்பார்கள், எட்டு நாள் ஆகிவிட்டது. வெடித்துப்போன யானைக்குப் பதில் என் யானையையே கொடுத்துவிட்டால் கணக்குச் சரி. யாருக்கும் தெரிய வேண்டியதில்லை.

தும்பிக்கைத் துண்டைத் தூக்கிப்போட மனமில்லை. ஃபே.மா.வின் பேப்பர் ஃபேன் காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. "மாமா, இத மேல வச்சிக்கிங்க," என்று கொடுத்தேன். கையில் எடை பார்த்தார். "நல்லா இருக்குதும்மா," என்றார். இந்த முகாமில் அவர் எதையும் நல்லா இருக்குது என்று சொன்னது இதுதான் முதல் தடவை.

மே 23, வெள்ளி

வீட்டில் அட்டைகள். இருபத்தாறு. பெயர், வகுப்பு, பொருள். இந்தத் தடவை பொருளை விடவில்லை. ஓரத்தில் சின்ன ரயில் கோடு வரைந்தேன்.

என் யானை யாருக்கு? யோசித்து ரிஃபாவுக்கு எழுதினேன். சின்னவள். எல்லாவற்றிலும் அழகானது அவளுக்குக் கிடைக்கட்டும். அவள் அத்தாவும் பார்த்துச் சந்தோஷப்படுவார்.

எழுதி முடித்ததும் நல்ல காரியம் செய்தது போல இருந்தது.

மே 24, சனி

நான்கு மணிக்கு எழுதுகிறேன், பின்னறையில். ஐந்துக்குள் முடிவெடுக்க வேண்டும்.

காலையில் ஒத்திகை. மேசையில் வெள்ளைத் துணி விரித்து எல்லாவற்றையும் அட்டையோடு வைத்தேன். மேடம் அசந்துபோனார். "கண்காட்சி மாரியே இருக்குது!" குழந்தைகள் ஓடி வந்து அட்டையில் பெயரைப் படித்து அவரவர் பொம்மையை எடுத்தார்கள். நான் நினைத்தபடியே. அட்டையில் போட்டிருந்தால் நம்பிவிடுகிறார்கள். கவின் கையில் காது பெரிய யானை, துள்ளினான்.

ரிஃபா மட்டும் எடுக்கவில்லை.

"எடுத்துக்கோ ரிஃபா. பாரு, ஒன் பேரு."

"இது என்னுது இல்லக்கா."

"சூளையில போனா மாறிடும். சுருங்கிடும்ல?"

இதை எவ்வளவு சுலபமாகச் சொன்னேன்! யோசிக்கக்கூட இல்லை.

அவள் யானையை நன்றாகப் பார்த்தாள். தொடவில்லை. "மாறுனாலும் என்னுது இல்லக்கா," என்றாள். அழவில்லை. போய்ப் படப் புத்தகம் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் உட்கார்ந்தாள். தலைகீழாக வைத்திருந்தாள்.

பன்னிரண்டு மணிக்கு எல்லோரும் பொம்மைகளை விழாவுக்காக மேசையிலேயே வைத்துவிட்டுப் போன பிறகும் அவள் அம்மா வரவில்லை, கடையில் கூட்டமாம். நானும் ரிஃபாவும் மேடமும் ஃபே.மா.வும் மட்டும். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"சரி, ஒன்னுது எப்படி இருந்துச்சு, சொல்லு."

கையை நீட்டி மணிக்கட்டை மேலே மடக்கினாள். "இது மட்டும்தான்."

"எது மட்டும்?"

"தும்பிக்க. நீங்கதானே சொன்னீங்க, மத்ததெல்லாம் ரயிலுக்குள்ள இருக்குதுன்னு."

நான் தலையைத் திருப்பி ஹாலின் அந்தக் கோடியைப் பார்த்தேன். ஃபேனுக்குக் கீழே, விளையாட்டுப் பக்கத்தின் மேல், ரிஃபாவின் யானை.

எழுந்து போனேன். "மாமா, ஒரு நிமிஷம்." எடுத்துத் திருப்பினேன். உடைந்த இடம் என்று நினைத்தேனே, அது கரடுமுரடாக இருக்க வேண்டும். வழவழவென்று இருந்தது. ஓரத்தை எச்சில் விரலால் நீவி மழுக்கியிருக்கிறாள். நடுவில் குழி, சின்ன விரல் அளவு. அம்மா சொன்னபடி செய்திருக்கிறாள். வியாழக்கிழமை இது என் கையில் இருந்தது. நான் பார்க்கவில்லை. துண்டு என்று பார்த்தவுடன் முடிவு செய்துவிட்டேன்.

"என்னாம்மா, எடுத்துனு போற?" ஃபே.மா.

"இது பேப்பர் வெயிட் இல்ல மாமா. இந்தப் பொண்ணோடது."

"குடுத்துட்டுத் திருப்பி வாங்கறது நல்லா இருக்குதா?"

"வேற தரேன் மாமா. முழுசா ஒண்ணு தரேன்."

ரிஃபா ஓடி வந்து வாங்கினாள். பார்க்கவே இல்லை, முதலில் விரலைக் குழிக்குள் விட்டாள். பாதிதான் போனது. "சின்னதாயிடுச்சு," என்றாள். அப்புறம் என்னைப் பார்த்து, "சுருங்கிடும்னு சொன்னீங்கல்ல, நெசந்தாங்க்கா!" என்று சிரித்தாள்.

நான் சொன்ன பொய்க்கு அவள் சாட்சி சொல்கிறாள். இதற்கு அவள் திட்டியிருக்கலாம்.

இதோடு விட்டுவிடலாம். ரிஃபாவுக்கு அவளுடையது கிடைத்துவிட்டது. மேடம் போனில் பேசிக்கொண்டிருந்தார், எதையும் பார்க்கவில்லை. மற்றவர்கள் நம்பிவிட்டார்கள். நாளை சார் வருவார், துணி வெள்ளை, அட்டை அழகு, சாவி எனக்கு.

ஆனால் இருபத்தைந்து பேரில் எத்தனை ரிஃபா? நான் அட்டையில் எழுதியதால் தன்னுடையது இல்லாததைத் தன்னுடையது என்று எடுத்துப்போகிறவர்கள் எத்தனை பேர்? எனக்கே தெரியாது. 

4.40. மேடம் கணினியை அணைக்கிறார். போகிறேன்.

அதே நாள், வீடு

சொல்லிவிட்டேன். மார்க்கர், பட்டியல், ஊகம், எல்லாம். சுருங்கிடும் என்று சொன்னதையும்.

மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டார், மறுபடி கழற்றினார்.

"வியாழக்கெழமயே ஏன் சொல்லல?"

"நானே சரி பண்ணிடலாம்னு நெனச்சேன் மேடம்."

"சரியா இருக்கறாப்புல பண்ணியிருக்க." அவ்வளவுதான் திட்டு. அதுவே போதும். பிறகு, "நாளைக்குக் காலைல பத்து மணிக்கு அந்த சார் வந்து நிப்பாரு. என்னா பண்ணப் போற?"

இதற்கு நான் வழியிலேயே பதில் யோசித்து வைத்திருந்தேன். பின்னறையிலிருந்து மேசை வரை பதினைந்து அடி, அதற்குள்.

"அட்டைய எல்லாம் எடுத்துடறேன் மேடம். எல்லாத்தையும் கலந்து வைக்கறேன். அவங்கவங்களே வந்து தேடி எடுத்துக்கட்டும்."

"அவரு முன்னாடி சண்ட போட்டுக்கும்ங்க."

"போட்டுக்கட்டும் மேடம். அடியில குழி இருக்குது. எந்த வெரல வுட்டாங்கன்னு அவங்களுக்குத் தெரியும்."

மேடம் என்னையே பார்த்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. சாவிக் கொத்தைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

அட்டை இருபத்தாறும் என் பையில். ரயில் கோடு நன்றாகத்தான் வந்திருந்தது.

மே 25, ஞாயிறு

லேசான மேகமூட்டம், மழை இல்லை. அம்மா புதுச் சேலை. கம்பெனிக்கு இன்று லீவு.

9.30க்கே ஹால் நிறைந்துவிட்டது. பெற்றோர், பாட்டில் தண்ணீர், கைக்குழந்தைகள். ஃபே.மா. இஸ்திரி போட்ட சட்டையில். ஞாயிற்றுக்கிழமை இணைப்புக்காக வந்தேன் என்றார், யாரும் கேட்காமலேயே. சார் 10.20க்கு வந்தார். கையில் கோப்பு, முகத்தில் அடுத்த ஊருக்குப் போகும் அவசரம்.

மைக் பிடித்தேன்.

"எல்லாருக்கும் வணக்கம். நேத்து அட்டையில பேரு போட்டு வச்சிருந்தேன். அதுல நெறய தப்பு. பாதி நானா நெனச்சு எழுதுனது. பேரு அழிஞ்சதும் என் தப்புதான். இப்ப மேசையில யார் பேரும் இல்ல. உங்களுது எதுன்னு நீங்களே கண்டுபிடிங்க. அடியில வெரல வுட்டுப் பாருங்க. சுட்டதுல கொஞ்சம் சின்னதாயிருக்கும், இறுக்கமாத்தான் போவும்."

பின்வரிசையில் ஒரு அம்மா, "அப்ப நேத்து கூப்புட வந்தப்ப எங்க புள்ள எடுத்துக் காட்டுனது யாரோட வாழப்பழம்?" என்றார். சிரிப்பு. எனக்குக் காது சூடானது.

பிறகு ரிஃபாவைத் தவிர இருபத்தைந்து பேரும் பாய்ந்தார்கள்.

சண்டை வந்தது, மேடம் சொன்னபடியே. காது பெரிய யானையைக் கவினும் இன்னொரு பெண்ணும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தார்கள். நேற்று அட்டையில் கவின் பெயர் போட்டவள் நான்.

"டேய், வுடுறா, என்னுது!"

"அக்காதான் நேத்து எனக்குக் குடுத்தாங்க!"

சார் முகம் சுருங்கியது. மேடம் என்னைப் பார்த்தார். நான் நடுவில் போனேன். "எதால குழி பண்ணீங்க?"

"பென்சில்," அந்தப் பெண்.

"கட்டவெரல்," கவின். சொன்ன பிறகுதான் அவனுக்கே யோசனை வந்தது.

திருப்பினேன். பென்சில் குழி, ஆறு பட்டையும் அப்படியே பதிந்திருந்தது. கவின் கையை விட்டான். மேசையில் மிச்சமிருந்த யானைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து ஒன்றில் கட்டைவிரலை நுழைத்தான். ஒரு காதே இல்லாத யானை, ஒரு கால் குட்டை. விரல் சிக்கிக்கொண்டது. விரலோடு தூக்கிக் காட்டினான்.

"அசிங்கமா இருக்குது," என்றான். இன்னொரு தடவை பார்த்தான். "ஆனா என்னுதுதான்."

கை தட்டியது முதலில் யார் என்று பார்த்தேன். ஃபே.மா.

என் யானை கடைசியாக மேசையில் தனியே நின்றது. யாரும் விரல் விட்டுக்கூடப் பார்க்கவில்லை. கொண்டுபோய் ஃபே.மா. பேப்பரின் மேல் வைத்தேன்.

"மொதல்ல இருந்ததுதான் கைக்கு வாட்டமா இருந்துச்சு," என்றார். ஆனாலும் எடுத்து வைத்துக்கொண்டார்.

சார் சுற்றி வந்து ரிஃபா முன்னால் நின்றார். அவள் அம்மா பக்கத்தில், போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு. வீடியோவில் அவள் அத்தா, தலையில் வேலைத் தொப்பி, பின்னால் ஏதோ மெஷின் சத்தம்.

"இது என்னாம்மா? ஒடஞ்சிடுச்சா?" என்றார் சார்.

நான் கேட்டிருக்க வேண்டியதும் அதே கேள்வி. நான் கேட்கக்கூட இல்லை.

"ஒடயல சார். யானை."

"யானை எங்கடா தங்கம்?" இது போனுக்குள்ளிருந்து.

ரிஃபா தும்பிக்கையைப் போனுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். "உள்ள இருக்குது அத்தா. ரயில்ல வந்துனு இருக்குது."

போனில் அத்தா தொப்பியைக் கழற்றினார். பிறகு, "வரட்டும் வரட்டும்," என்றது குரல். அவள் அம்மா போனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

கதையின் முடிவை நான் அங்கேதான் கண்டுபிடித்தேன். மைக்கில் சொன்னேன். வண்டி கடலூர் போய்ச் சேர்ந்தது. யானை இறங்கவே இல்லை. தும்பிக்கையை நீட்டிக் கடல் காற்றை மட்டும் ஒரு தரம் இழுத்துக்கொண்டது. பச்சைக் கொடி அதனிடம்தானே இருக்கிறது? அதே வண்டியில் வீட்டுக்குத் திரும்பியது.

"கார்டு?" ஃபே.மா.

"முழிச்சுனுதான் இருந்தாரு மாமா."

சார் கிளம்பும்போது மேடமிடம் ஏதோ சொன்னார். ஆட்டோ சத்தத்தில் கேட்கவில்லை. மேடமும் சொல்லவில்லை. நாற்காலி அடுக்கினோம். பெருக்கினோம். அம்மா எல்லோருக்கும் மார்க்கர் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தது. இந்த ஊரில் இனி எனக்கு இதுதான் பெயர்.

மே 28, புதன்

நூலகம். முகாம் முடிந்துவிட்டது, ஆனாலும் போனேன். ஹால் ரொம்ப அமைதி. ஃபே.மா.கூட இரண்டு தடவை இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார்.

மேடம் கூப்பிட்டார். "அந்த மார்க்கர எடு." கொடுத்தேன். மேசை இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டினார். பூட்டிய கையோடு கொத்திலிருந்து சிவப்பு நூல் வளையத்தைத் தனியாகக் கழற்ற ஆரம்பித்தார். இறுக்கமாக இருந்தது, நகத்தால் நெம்ப வேண்டியிருந்தது.

"சண்ட வந்துச்சு, தீத்து வச்சிங்க, அது நல்லா இருந்துச்சுன்னாரு சார். அது அவரு சொன்னது. சனிக்கெழம தப்பு எதனா ஆச்சுன்னா, சனிக்கெழமயே எங்கிட்ட சொல்லணும். இது நான் சொல்றது."

"சரிங்க மேடம்."

சாவி நினைத்ததைவிடச் சின்னது.

மே 31, சனி

வெயில். பள்ளி திறக்க இரண்டு நாள். சீருடை தைத்து வந்துவிட்டது, கை நீளம்.

பையில்: புது நோட்டு (எண், பெயர், பொருள்), தண்ணீர் பாட்டில், அம்மாவின் தையல் ஊசி ஒன்று, அட்டையில் குத்தி. அம்மாதான் வைத்தது, சிரிக்காமல்.

9.50. அலமாரியைத் திறந்தேன். ஒரு பூச்சி பறந்தது. பின்னால் யாரோ மூச்சு வாங்குகிறார்கள். ரிஃபா, தும்பிக்கையில் விரலை விட்டுக்கொண்டு.

"அக்கா, இன்னிக்கு எந்த ஸ்டேஷன்?"